கத்துறவங்கள் லண்டனுக்கு வந்த சனிக்கிழமை

உங்களுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பிரான்சிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஹொலண்டிலிருந்தும் தாய் தகப்பன் கூட்டிவர, லண்டன் பள்ளிக்கூடங்களில் கடைசி மேசையில் இருந்தோமே, அந்தக் கூட்டம். இங்கிலீஷ் விளங்காது. எது கேட்டாலும் சிரிப்போம். இப்போது, முப்பது தாண்டியதுமே, எங்களுக்கு முழங்கால் நோகிறது. நெற்றிப் பக்கம் நரைக்கத் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் எங்கள் இங்கிலீஷைத் திருத்துகிறார்கள்.

நான் படித்தது குறைவு. பதினாறோடு நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவள். தமிழ் எழுதியது கோயில் பள்ளியில் படித்த அளவுதான். 2009இல், எனக்குப் பதினாலு வயதில், எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். அந்த வருடம் உங்கள் வீட்டிலும் ஏதோ நடந்திருக்கும். நடக்காத வீடு இல்லை.

நாங்கள் ஸ்பெயினிலிருந்து வந்தோம். வடக்குக் கரையில் ஒரு மீன்பிடித் துறைமுகம். அந்த ஊரில் தமிழர் என்றால் நாங்கள் நாலு பேர்தான்: அப்பா, அம்மா, அண்ணை, நான். அப்பா மீன் பெட்டி அடுக்கும் குளிர்க்கிடங்கில் வேலை செய்தார். ஜாக்கெட்டைப் படியிலேயே கழற்றச் சொல்லுவார் அம்மா. கழற்றினாலும் மணம் உள்ளே வரும்.

அதே கிடங்கில் அப்பாவோடு பெட்டி தூக்கிய ஒருவர்தான் பிறகு ஸ்பெயின் முழுக்கத் தெரிந்த ராக் பாடகர் ஆனார். அவரும் இன்னும் மூன்று பேரும். முதல் இசைத்தட்டை அந்தக் கிடங்குக்குள்ளேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிந்தார்கள். ஐஸ் மெஷினை நிறுத்த முதலாளி விடவில்லை. அதனால் எல்லாப் பாட்டுக்கும் அடியில் ஒரு உறுமல் கேட்கும். அந்த உறுமல்தான் அவர்களுக்குப் பேர் வாங்கித் தந்தது. பிறகு வந்த குழுக்கள் அதே உறுமல் வேண்டுமென்று ஸ்டூடியோவில் மெஷின் வைத்துச் செய்தார்களாம். அண்ணை சொல்லிச் சிரிப்பார்.

அதுவரை ராக் என்றால் பெரிய நகரத்துப் பிள்ளைகளின் காதல். இவர்கள் விடிய ஐந்து மணிக்கு மீன் சந்தையில் ஊதும் சங்கைப் பாடினார்கள். ஐஸில் வெடித்த விரலைப் பாடினார்கள். ஆறு மாதம் கடலில் இருந்து வந்த தகப்பனைப் பார்த்துப் பயந்து அழும் குழந்தையைப் பாடினார்கள். இரண்டாவது இசைத்தட்டு மெக்சிகோ, அர்ஜென்டினா வரை போனது. மூன்றாவதுக்கு மட்ரிட்டில் கோட்டு மாட்டி வயலின் வைத்தார்கள். எங்கள் ஊருக்குக் கோபம். மீன்கடைக்காரி சுவரில் இருந்த அவர்கள் படத்தைக் கழற்றி அதில் கணவாய் மீனைச் சுற்றிக் கொடுத்தாள். நாலாவதை யாரும் வாங்கவில்லை.

ஆனால் அந்த ஊரில் ஒவ்வொரு மாடிப்படிக்கும் ஒரு குழு இருந்தது. எல்லாம் இவர்களைப் பார்த்துத் தொடங்கியவை. அண்ணையும் ஒன்றில் இருந்தார். டிரம்ஸ். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அந்தக் கிடங்குக் குழுவின் டிரம்ஸ்காரரைப் போலத் தோள் வரை தலைமயிர் வளர்த்தார்.

அம்மா அந்தப் பாடகரின் குழுவுக்கு வைத்த பேர் கத்துறவங்கள். "உன்ர கத்துறவங்களைக் கொஞ்சம் குறை" என்பார். அப்பாவுக்கு அவர்கள் மேல் அந்த மதிப்புக்கூட இல்லை.

"அவனை எனக்குத் தெரியும். ஒரு பெட்டி ஒழுங்காத் தூக்கத் தெரியாது. என்ர காலில ரெண்டு தரம் போட்டவன். அவனோ உனக்குச் சாமி?"

"அதாலதான் அப்பா பாடப் போனவர்" என்றார் அண்ணை.

2008 கடைசியில் கிடங்கில் ஆட்களைக் குறைத்தார்கள். அப்பா எங்களை லண்டனுக்குக் கூட்டி வந்தார். பிள்ளைகளுக்கு இங்கிலீஷும் கோயிலும் வேண்டும் என்றார். மனோர் பார்க்கில் ஒட்டு வீடு. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அண்ணையின் டிரம்ஸ் ஸ்பெயினிலேயே விலைப்பட்டுவிட்டது. அவர் ஒரு பழைய டயரில் துண்டு வெட்டி, அம்மாவின் அயர்ன் போர்டில் கட்டி, அதில் அடித்துப் பழகினார். போர்டு ஆடாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. ரப்பர் மணம் இரண்டு நாளைக்குக் கையில் இருக்கும். அண்ணையும் நானும் எங்களுக்குள் ஸ்பானிய மொழியில்தான் கதைப்போம்.

அண்ணை காலையில் நகரத்து அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போனார். முதல் நாள் வாளி வைக்கும் அறையில் அந்தக் குழுவின் பாட்டை முணுமுணுத்திருக்கிறார். பின்னால் மொப் பிழிந்துகொண்டிருந்த ஒரு ஈக்குவடோர்க்காரர் அடுத்த வரியைப் பாடினாராம். அதற்கடுத்த வரியைக் கொலம்பியாக்காரி ஒருத்தி. அந்த வேலையில் இருந்த எல்லாருக்கும் அந்தப் பாட்டுகள் தெரியும். நாடு வேறு, பாட்டு ஒன்று. ஐந்து மணிச் சங்கு அவர்களுக்கும் ஊதியது.

ஈக்குவடோர்க்காரர் ஒரு குழு வைத்திருந்தார். நாலு பேரும் துப்புரவுக்காரர். டிரம்ஸுக்கு ஆளில்லை. அண்ணை சேர்ந்தார்.

பங்குனியில் செய்தி வந்தது. கத்துறவங்கள் பிரியப் போகிறார்கள். கடைசிச் சுற்று. சின்ன மண்டபங்கள். லண்டனுக்கும் ஒரு நாள் வருகிறார்கள், இங்கே வேலை செய்யும் ஸ்பானிய மொழிக்காரருக்காக. முதலில் அரை மணி நேரம் பாட உள்ளூர்க் குழு ஒன்றைக் கேட்டார்கள். ஈக்குவடோர்க்காரர் ஒரு பதிவை அனுப்பினார். எடுபட்டது.

வைகாசிக் கடைசிச் சனிக்கிழமை, மாலை ஏழரை.

அண்ணை படியேறி வந்து இதைச் சொன்னபோது ஒரு கையில் சப்பாத்து, ஒரு காலில் சப்பாத்து. வாழ்க்கையில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அந்த மாதங்களில் ஊரில், வன்னிப் போரின் கடைசியில், என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்பா வேலை முடிந்து நேரே பாராளுமன்றத்துக்கு முன்னால் போவார். எங்களையும் கூட்டிப் போவார். நீங்களும் நின்றிருப்பீர்கள். அட்டை பிடித்துக் கை விறைக்கும். அண்ணை ஒரு பெயின்ற் வாளியைக் கவிழ்த்து வைத்து அடிப்பார். அந்த அடிக்குச் சனம் சேர்ந்து கத்தும். "ஆற்ற பெடியன்?" என்று கேட்டால் அப்பா நெஞ்சை நிமிர்த்தி "என்ர" என்பார்.

சித்திரைக் கடைசியில் வவுனியாவிலிருந்து தெரிந்தவர் ஒருவர் போன் எடுத்தார். சித்தப்பா போய்விட்டார். ஷெல் விழுந்த இடத்தில் கண்டதாம்.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. கல்யாணம் செய்யவில்லை. வன்னியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். நான் கண்டதில்லை. குரல் மட்டும் தெரியும். அப்பா குசினி நிலத்தில் அப்படியே இருந்துவிட்டார். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. யாரும் அணைக்கவில்லை.

"ஆர் அப்பா கண்டது? உடம்பைக் கண்டவையா?" என்று கேட்டார் அண்ணை.

"உனக்கு உடம்பு வேணுமோ? போய்ப் பொறுக்கிக்கொண்டு வரட்டோ?"

அதற்குப் பிறகு அண்ணை கேட்கவில்லை.

ஐயரைக் கூப்பிட்டார்கள். உடம்பில்லை, தர்ப்பையில் உருவம் செய்து கடமை செய்யலாம் என்றார். செய்தி வந்த நாளிலிருந்து கணக்கு. சித்தப்பாவுக்குப் பிள்ளை இல்லாதபடியால் அண்ணன் மகன் செய்ய வேண்டும். ஆக, அண்ணை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, கடமையை முடிக்கும் சடங்கு. அதுவரை வீட்டுக்குத் துடக்கு, சாத்தீட்டு. அதுவரை பாட்டில்லை, கொண்டாட்டமில்லை.

அண்ணை சுவரில் இருந்த கலண்டரில் விரல் வைத்து எண்ணினார். நானும் எண்ணினேன். வியாழக்கிழமை வந்தது. சனிக்கு இரண்டு நாள் முன்னுக்கு. அண்ணை மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"சனிக்கிழமை வைப்பம்" என்றார் அப்பா.

"ஐயா, வியாழன்தானே முப்பத்தொண்டு?" என்று ஐயரைக் கேட்டார் அண்ணை.

"ஓம் தம்பி. கணக்குக்கு வியாழன். லண்டனுக்குச் சனி."

"வியாழக்கிழமை ஆர் லீவு போட்டுக்கொண்டு வரும்?" என்றார் அப்பா. "ஒருத்தரும் வராட்டி அவனுக்கு என்ன மரியாதை? அனாதையே அவன்?"

உங்களுக்குத் தெரியும். இங்கே செத்தவர்களும் வார இறுதி வரை காத்திருக்க வேண்டும். அது யாருக்கும் பிழையாகப் படவில்லை.

அண்ணை இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கேட்டார். காலையில் கடமை முடியும், பின்னேரம் போய் வருகிறேன் என்றார்.

"சனம் வீட்டில இருக்கேக்க நீ மேடையில ஏறி அடிக்கப் போறியோ?"

"பாராளுமன்றத்துக்கு முன்னால அடிக்கேக்க பேசாமல்தானே நிண்டனீங்கள். அங்க அடிக்கலாம். இது மட்டும் ஏலாதோ?"

"அது செத்தவைக்காக அடிச்சது."

"இதுவும்தான் அப்பா. ஒருக்கா வந்து கேளுங்கோவன்."

அப்பா கதிரையை விட்டு எழும்பிப் போனார். அம்மா அண்ணையின் தலையைத் தடவினார். "விடு ராசா. அவங்கள் பிறகும் வருவாங்கள்."

"வரமாட்டினம் அம்மா. முடியுது."

"அப்ப வேற ஆரும் கத்துவாங்கள்."

சனிக்கிழமை விடிய அப்பாவும் அண்ணையும் ஐயரும் சவுத்எண்ட் கடற்கரைக்குக் காரில் போனார்கள். முதல் நாளே அண்ணையின் தலையை மழித்தாயிற்று. லண்டனில் பேருக்கு ஒரு பிடி எடுத்தால் போதும் என்று ஐயர் சொல்லியும் அப்பா கேட்கவில்லை. முழுதாக. கழுத்துக்குப் பின்னால் தோல் மீன் வயிறு போல வெளுத்திருந்தது.

வீட்டில் நானும் அம்மாவும். அம்மா வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தார். முன்னறையில் அறுபது கல்வெட்டு அடுக்கியிருந்தது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் கல்வெட்டு என்றால் என்னவென்று தெரியாது. செத்தவரின் படமும் புலம்பல் பாட்டும் போட்டு முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் சின்னப் புத்தகம். மை மணம் இன்னும் போகவில்லை. அட்டையில் சித்தப்பா, மூக்குப் பெரிதாக.

ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. நான் எடுத்தேன். இரைச்சல். ஒரு பொம்பிளைக் குரல்.

"ஆர் பிள்ளை? மகளோ? அப்பாட்டச் சொல்லு. உங்கட சித்தப்பா முகாமில இருக்கிறார். நான் கம்பிக்கு வெளியில நிண்டு கண்டனான். துண்டில நம்பர் எழுதித் தந்தவர். ஒரு கால் இல்லை. ஆனா ஆள் இருக்கிறார். விளங்குதே பிள்ளை? இருக்கிறார்."

கட்டாகிவிட்டது.

நான் குசினிக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். அம்மாவின் கை மா அப்பிய கை. அதோடு நெஞ்சைப் பிடித்தார். சீலையில் ஐந்து விரலும் பதிந்தது. பிறகு மொபைலை எடுத்தார், அப்பாவின் நம்பர் வரை போனார். நின்றார். சட்டிகளைப் பார்த்தார். முன்னறையைப் பார்த்தார்.

"போன கிழமை பக்கத்து ரோட்டில ஒரு மனிசனுக்கும் இப்பிடித்தான், மகன் இருக்கிறான் எண்டு சொன்னவங்கள். பொய். அதைக் கேட்டு மனிசன் விழுந்து ஆஸ்பத்திரியில" என்றார். என்னிடம் இல்லை, மொபைலிடம். "அப்பா தாங்கமாட்டார். அறுபது பேர் வருகினம். நாளைக்கு ஆறுதலாக் கேட்டுப் பாத்துச் சொல்லுவம்."

"அண்ணையிட்ட?"

"ஒருத்தரிட்டயும் இல்லை. உனக்கு ஒண்டும் தெரியாது. விளங்கிச்சோ?"

"ஓம்."

மதியம் சனம் வந்தது. முற்றத்தில் சப்பாத்து மலை. படையல் வைத்தார்கள். சித்தப்பாவுக்குப் பிடிக்கும் என்று அப்பா ஒரு பெட்டி சிகரெட்டும் வைத்தார். அண்ணை வேட்டியோடு குளிரில் நடுங்கிக்கொண்டு ஐயர் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். ஈர வேட்டியில் கடல் மணம். நான் கல்வெட்டு கொடுத்தேன். ஒவ்வொருவரும் என் தலையைத் தடவி "நல்ல பிள்ளை" என்றார்கள்.

ஐந்து மணிக்குச் சனம் குறைந்தது. அண்ணை படிக்கட்டில் இருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"இப்ப மண்டபத்தில் சவுண்ட் சரிபார்ப்பார்கள்" என்றார் ஸ்பானிய மொழியில். இரண்டு விரலால் முழங்காலில் அடித்துக்கொண்டிருந்தார், மெதுவாக, யாருக்கும் கேட்காமல்.

ஸ்டேஷனுக்கு ஏழு நிமிடம். ரயிலில் போனால் ஆறரைக்கு முன் மண்டப வாசலில் நிற்கலாம். எனக்கு அது தெரியும். நாங்கள் முன்பே ஒரு நாள் போய்ப் பார்த்து வந்திருந்தோம். ஒரு சொல் போதும். முன்னறை வாசலில் அம்மா நின்று என்னைப் பார்த்தார்.

நான் சொல்லவில்லை. பயம் என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். பயம் மட்டும் இல்லை. அன்று நல்ல பிள்ளையாக இருப்பது எனக்கு நன்றாக இருந்தது.

மறுநாள் மதியம் ஈக்குவடோர்க்காரர் வீட்டுக்கு வந்தார். கறுப்புச் சட்டை போட்டு, ஒரு பூங்கொத்தோடு. அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்தார். அவர் சொன்னதை நான்தான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

அண்ணைக்குப் பதிலாகக் கத்துறவங்களின் டிரம்ஸ்காரரே இறங்கி ஈக்குவடோர்க்காரர் குழுவுக்கு அடித்தாராம். பையன் எங்கே என்று பாடகர் கேட்டாராம். சித்தப்பனுக்குக் கடமை செய்கிறான், தகப்பன் உங்களோடு கிடங்கில் வேலை செய்தவர் என்று இவர்கள் சொன்னார்களாம். பாடகருக்கு அப்பாவை நினைவிருந்தது. பெட்டி அடுக்கக் காட்டித் தந்த மனிதர் என்றாராம். கடைசிப் பாட்டுக்கு முன் மைக்கில் சொன்னார்: இன்று இங்கே இருக்க வேண்டிய ஒரு பிள்ளை வீட்டில் இருக்கிறான், போரில் செத்த அவனுடைய சித்தப்பாவுக்கு இந்தப் பாட்டு. மண்டபம் முழுக்க ஒரு நிமிடம் எழும்பி நின்றதாம். பிறகு அந்தத் தகப்பன் பாட்டைப் பாடினார்களாம்.

அப்பா அழுதார். "நல்லவன். பெட்டி தூக்கத் தெரியாது, ஆனா நல்லவன்" என்றார். அண்ணை மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "சித்தப்பாவுக்காகத்தானே. பரவாயில்லை" என்றார். நான் மொழிபெயர்க்கும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன்.

அன்று பின்னேரம் அம்மா அப்பாவிடம் சொன்னார். இப்போதுதான் போன் வந்தது என்றார்.

ஒரு கிழமையில் உறுதியானது. சித்தப்பா இருக்கிறார். அம்மா பாற்சோறு காய்ச்சினார். அண்ணை என்னைத் தூக்கிச் சுற்றினார். மிஞ்சிய கல்வெட்டுகளை அப்பா தோட்டத்தில் எரித்தார். கத்துறவங்கள் தங்கள் ஊரில் கடைசியாக ஒருமுறை பாடிவிட்டுப் பிரிந்தார்கள். பிறகு சேரவே இல்லை. பாடகர் துறைமுகத்தில் சாப்பாட்டுக்கடை வைத்தார் என்று கேள்வி. ஈக்குவடோர்க்காரருக்கு வேறு டிரம்ஸ்காரர் கிடைத்தார். அந்தப் பாட்டுகள் இன்றைக்கும் லண்டனில் விடியற்புறம் வாளி தூக்குகிறவர்கள் வாயில் இருக்கின்றன. பஸ்ஸில் கேட்டிருக்கிறேன்.

ஆவணியில் சித்தப்பாவுக்கு ஒரு போன் கிடைத்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார். நாலு பேரும் மேசையைச் சுற்றி நின்றோம்.

"என்ன, எனக்கு அந்தியேட்டியே செய்து போட்டியளாம்" என்றார் சித்தப்பா. சிரித்தார். "எத்தினை பேர் வந்தவை?"

"அறுபது" என்றார் அப்பா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"பரவாயில்லை. மதிப்பாத்தான் அனுப்பியிருக்கிறியள். கல்வெட்டில எந்தப் படம்?"

"அந்த அடையாள அட்டைப் படம்."

"அட கடவுளே. மூக்குப் பெருத்ததோ? செத்தும் மானம் போச்சு."

எல்லாரும் சிரித்தோம். அப்பா மேசையில் கை வைத்துக் குலுங்கிச் சிரித்தார்.

"ஆனா ஒண்டு விளங்கேல்லை அண்ணை. அந்தச் சனிக்கிழமை உங்கட நேரம் காலமையே ஒரு மனிசியிட்டச் சொல்லி எடுப்பிச்சனான். சின்னப் பிள்ளை ஒண்டு கதைச்சதெண்டு சொன்னவ. பிறகேன் செய்தனீங்கள்?"

போனில் காற்று இரைந்தது.

"லைன் சரியில்லை" என்றார் அம்மா.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அண்ணை என்னைப் பார்த்தார். தலைமயிர் அப்போது அரை விரல் வளர்ந்திருந்தது.

"தம்பி நிக்கிறானோ?" என்றார் சித்தப்பா. "எனக்குக் கடமை செய்த பெடியனெல்லே. என்னடா, மொட்டையும் அடிச்சவையோ உனக்கு?"

"ஓம் சித்தப்பா."

"என்னால உனக்குக் கரைச்சல்."

"ஒரு கரைச்சலும் இல்லை. நீங்கள் இருக்கிறதே காணும்" என்றார் அண்ணை. "சுகமா இருங்கோ. காலைப் பாத்துக்கொள்ளுங்கோ."

போனை வைத்தபின் அம்மாதான் முதலில் வாய் திறந்தார். "பொய்யெண்டால் அப்பா தாங்கமாட்டார் எண்டுதான் ராசா. சனமும் வந்திட்டுது. நான்தான் பிள்ளையைச் சொல்ல வேண்டாம் எண்டனான்."

"எனக்கு அது விளங்குது அம்மா" என்றார் அண்ணை. "இப்ப அவர் கதைக்கேக்க, ஒரு நிமிசம், இவர் செத்திருக்கலாம் எண்டு நினைச்சன். அப்பிடி நினைக்க வைச்சிட்டியள்."

அம்மா கேத்திலில் தண்ணி பிடிக்கப் போனார். கேத்தில் நிரம்பி வழிய வழிய நின்றார்.

அண்ணை என்னைத் தாண்டி மேலே போனார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன். பிறகு வேறொன்று வைத்திருந்தேன். இப்போது அவருக்கும் நரைத்துவிட்டது. இன்னும் கேட்கவில்லை.